லாரியில் அடிபட்டுச் செத்தவர்

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தையொட்டி ஒரு சண்டை நடந்தது. 2014 ஏப்ரல் 25இல் காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய படம் அது. அவர் பார்ப்பனர் என்பதை ஏன் காட்டவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். இந்தியன் என்று சொல்லிக்கொள்ளவே அவர் விரும்பினார் என்று இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி பதில் சொன்னார். இந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. செத்தவரின் சாதி திரையில் தெரியவில்லையே என்று வருத்தப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. எங்கள் வீட்டிலும் ஒருவர் ராணுவத்தில் செத்தார். எங்கே செத்தார், எப்படிச் செத்தார் என்பதை வெளியே சொல்லாமலே முப்பத்தைந்து வருசத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

அவர் என் சித்தப்பா. அப்பா நெய்வேலியில் முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சித்தப்பா பட்டாளத்தில் டிரைவர். 1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் ஆனதும் அமைதிப்படை என்ற பெயரில் போனவர்களோடு அவரும் போனார். அந்த நவம்பரில் தந்தி வந்தது. இங்கிலீஷ் தந்தி. பக்கத்து வீட்டு கிளார்க் படித்துவிட்டு, "மைன் வெடிச்சி எறந்துட்டாருன்னு போட்ருக்கு" என்றார். நெய்வேலியில் மைன் என்றால் ஒன்றுதானே. எங்க ஆயா மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, பெரியவன் பூட்டானே" என்று தெருவில் ஓடியது. அப்பா அப்போது பகல் ஷிப்டில் இருந்தார். சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து, சைக்கிளில் அவர் வந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான் செத்தது சின்னவன் என்று ஆயாவுக்கு உறைத்தது. பெரியவன் உசுரோடு இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டதாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சாகிற வரைக்கும் தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தது.

உடல் வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பெயரும். சின்னம்மாவுக்கு அப்போது இருபத்து நாலு வயசு, கையில் ஒரு பெண் குழந்தை.

சில வருசம் கழித்து, அகதி முகாமிலிருந்து ஒரு அம்மா துணி மூட்டை தூக்கிக்கொண்டு எங்கள் வட்டத்துக்கு வர ஆரம்பித்தார். தவணைக்குச் சேலை, ரவிக்கைத் துணி. யாழ்ப்பாணத்துக்காரர். சின்னம்மாவுக்கும் அவருக்கும் நல்ல சிநேகிதம். வெயிலுக்குத் தண்ணீர் குடிக்க உட்காருவார், சில நாள் சாப்பிட்டுவிட்டும் போவார். ஒருநாள் சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்து எப்படிச் செத்தார் என்று கேட்டார். போட்டோவில் சித்தப்பா வேட்டி சட்டையில்தான் இருக்கிறார். யூனிபாரம் போட்டோ டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. சின்னம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "லாரில அடிபட்டு செத்துட்டாரு" என்றார். சித்தப்பா ஓட்டிப்போன ராணுவ லாரிதான் கண்ணிவெடியில் சிக்கியது. ஆகவே சின்னம்மா சொன்னது பொய்யும் இல்லை.

ராணுவச் சாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை நான் ஓரளவு தேடிப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவற்றை மறுபடி படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் புறநானூறு. பள்ளிக்கூடத்தில் வீரத்தாய் என்று நம் தொண்டையில் திணிக்கப்பட்ட இரண்டு பாட்டுகள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது 278. மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட கிழவி, அது நிஜமென்றால் முலையை அறுத்தெறிவேன் என்று போர்க்களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். மகன் துண்டுதுண்டாகக் கிடப்பதைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279இல் அண்ணனோ அப்பனோ ஒருவன் முன்பே செத்திருக்கிறான், நேற்று புருஷன் செத்திருக்கிறான், இன்று போர்ப்பறை கேட்டதும் இருக்கிற ஒரே பையனுக்குத் தலைசீவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். இரண்டையும் பாடியவர்கள் பெண்கள் என்பது உண்மை. ஆனால் எந்தச் சபையில், எந்த வீட்டுச் சோற்றை நம்பிப் பாடினார்கள்? எங்க ஆயாவும் ஒரு பிள்ளை சாவில் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதுதான். அதற்காக வாழ்நாள் முழுக்கத் தன்னை ஏசிக்கொண்டதே, அந்த ஏச்சு நச்செள்ளையார் கிழவியிடம் எங்கே போனது? 279இல் பறை முழங்குகிறது. அந்தப் பறையை அடித்தவனும் களத்துக்குப் போனவன்தான், அவனும் செத்திருப்பான். அவனைப் பெற்றவள் என்ன சொல்லி அழுதாள் என்பது தொகையில் ஏறவில்லை.

நடுகல் நட்டவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது என்று சொல்லவேண்டும். செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. மாடு மீட்கப் போய்ச் செத்தவனோடு அவன் நாயையும் செதுக்கி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்கு இருந்த இந்த மரியாதை இருபதாம் நூற்றாண்டில் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் செத்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு எந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். போர்க் கல்லறை ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியர்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள், இதுபோக குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவே இல்லை.

தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் சுவரில் பதித்த கல் பலகைகள் உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் கிடையாது. அதில் எத்தனை பேர் ஊர், எத்தனை பேர் சேரி என்று யாராலும் சொல்ல முடியாது. உயிரோடு இருந்தபோது ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் செத்த பிறகு 'இந்தக் கிராமம்' என்பதில் ஒரு எண்ணாகச் சேர்ந்துவிட்டான்.

இதையெல்லாம் எதிர்த்து நாம் என்ன எழுதினோம்? நாம் என்று பொதுவாகச் சொல்வானேன், நானே எழுதியதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் மத்தியில் ஒரு சிறுபத்திரிகையில் தலித்துகளின் ராணுவ மரபு பற்றி நீளமாகக் கட்டுரை எழுதினேன். 1818 ஜனவரி 1இல் கோரேகான் போர், அந்தத் தூணில் 'நாக்' என்று முடியும் 22 மஹார் பெயர்கள், 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றது. அவர் அப்பா ராம்ஜி சுபேதார், அவர் பிறந்ததே மாவ் கண்டோன்மெண்டில். பிறகு மதராஸ் பட்டாளம். அதிலும் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் மண் வெட்டி, பாலம் கட்டி, செத்த பறையர்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பரப்பிய போர்க்குலக் கொள்கை. வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது துரத்திய கதை: 1917இல் 111வது மஹார் படை, 1921இல் கலைப்பு, 1941இல் மறுபடியும் மஹார் ரெஜிமெண்ட். தகவல் எல்லாம் சரி. ஆனால் இப்போது படித்தால், போர்க்குலப் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொள் என்று போட்ட மனு மாதிரி இருக்கிறது. ராபர்ட்ஸ் வைத்த அளவுகோலை உடைக்காமல், அதன் பக்கத்தில் நின்று நான் எத்தனை அடி என்று காட்டியிருக்கிறேன். பதினாறு பக்கக் கட்டுரையில் சித்தப்பா ஒரு வரியில்கூட இல்லை. அவர் சாவு அந்த மரபுக்குள் அடங்கவில்லை.

தலித் தன்வரலாறுகளில் ராணுவம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992), ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இரண்டிலும் அப்பா பட்டாளத்துக்காரர். எழுதியவர்கள் அண்ணன் தங்கை, ஆகவே இரண்டு புத்தகத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே மனிதர். ஒருவரையே இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் பார்த்திருப்பதை நம் விமர்சகர்கள் யாராவது சேர்த்து வைத்துப் பேசலாம். நான் கவனிப்பது வேறு. அந்த அப்பா திரும்பி வருகிறார். சம்பளம் வருகிறது, பிள்ளைகள் போர்டிங்கில் படிக்கிறார்கள், கண்டிப்பு இருக்கிறது, அந்தக் கண்டிப்போடு பிள்ளைகள் முட்டிமோதி எழுத்துக்கு வருகிறார்கள். பண்ணையாளிடம் கைநீட்டாத காசு என்பதால்தான் பட்டாளம் நம் சனங்களுக்கு ஒரு கதவாக இருந்தது. தேசபக்தியெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்த அப்பாவின் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். திரும்பாதவரின் மகள், என் தங்கச்சி, நர்ஸ் வேலைக்குப் போய் அம்மாவைக் காப்பாற்றுகிறாள். அவளுக்கு எழுத நேரமில்லை. மலையாளத்தில் கோவிலன், நந்தனார், பாறப்புறத்து என்று பட்டாளத்திலிருந்து வந்து பட்டாளத்தைப் பற்றியே எழுதிய ஒரு தலைமுறையே உண்டு. இங்கே அப்படி ஒரு வரிசை உருவாகவில்லை. எழுதுகிறவன் வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போகவில்லை, போகிறவன் வீட்டுக்குள் எழுத்து அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரை நினைவுகூர்வதில் சாதி மட்டும் தடை இல்லை. அவர் எந்தச் சண்டையில் செத்தார் என்பது பெரிய தடை. 1987க்கும் 1990க்கும் இடையில் இலங்கையில் செத்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். அந்தப் படையின் கையால் செத்த தமிழர்கள் அதைவிடப் பல மடங்கு. 1987 அக்டோபர் 21இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவு திரிகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னையில் வரவேற்பு நடந்தபோது முதல்வர் கருணாநிதி போகவில்லை. அது சரியென்று நெய்வேலியில் மேடை போட்டுப் பேசியவர்களில் நானும் ஒருவன். ஐ.பி.கே.எஃப் என்ற எழுத்துகளுக்கு அப்பாவி மக்களைக் கொல்லும் படை என்று அன்று புழங்கிய விரிவைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். ராத்திரி வீட்டுக்கு வந்தேன். சின்னம்மா சோறு போட்டுக்கொண்டே, "மைக்குல ஒன் கொரலு இங்க வரைக்கும் கேட்டுச்சுடா தம்பி" என்றார். குழம்பு ஊற்றினார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று பேசியதை இன்றைக்கும் நான் வாபஸ் வாங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு யாரும் வாபஸ் வாங்க முடியாது. பிறகு 'முறிந்த பனை' படித்தேன். அதை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்தவர். 1989 செப்டம்பர் 21இல் வீட்டுக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படையால் பெண்கள் பட்ட பாட்டை அவர் பதிவு செய்திருக்கிற பக்கங்களில், சிப்பாய் என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் முகம் வந்து நின்றது. அவர் லாரி டிரைவர், அங்கே இருந்தது மூன்று மாதம்தான், அவர் அப்படி இல்லை என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். அப்படி இல்லை என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு விமர்சகனாக எனக்குப் பழக்கப்பட்ட எந்த வாசிப்பு முறையும் அன்றைக்கு உதவவில்லை. வாசகன் பிரதிக்கு வெளியே நிற்கிறான் என்று எத்தனை கட்டுரையில் எழுதியிருப்பேன்!

அவரிடமிருந்து வந்த கடிதம் ஒன்று இருக்கிறது. சண்டை ஆரம்பிப்பதற்கு முன், செப்டம்பரில் எழுதியது. அப்போது அந்த சனங்கள் படைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே எல்லாரும் நம்ம பாஷைதான் பேசுறாங்க, மத்தவங்களுக்கு நான்தான் தமிழ்ல கேட்டுச் சொல்றேன் என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரி: வூட்டுக்கு வூடு கெணறு இருக்குது, எறச்சிக் குளிக்கிறாங்க. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார், ஆச்சரியம் என்றுகூடப் போடவில்லை. ஆனால் சேரிக்காரன் ஒருவன்தான் ஒரு தேசத்துக்குள் நுழைந்ததும் முதலில் கிணற்றை எண்ணுவான். அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கிணறுகளிலும் சாதி இருந்தது. கே. டானியல் 'பஞ்சமர்' தொடங்கி வாழ்நாள் முழுக்க எழுதியது அதைத்தான். ஒரு நாவலுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். வைத்தியத்துக்காகத் தமிழ்நாடு வந்த டானியல் 1986இல் தஞ்சாவூரில் இறந்து அங்கேயே அடக்கமானார். சித்தப்பா அவர் ஊருக்குப் போய்ச் செத்தது அடுத்த வருசம். டானியலைப் படித்திருந்தால் சித்தப்பா கிணற்றைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதியிருப்பார். லாரி அந்தப் பாதையில் போவதை அது நிறுத்தியிருக்காது.

சின்னம்மாவின் ஒப்பாரிதான் எங்களிடம் உள்ள ஒரே போர் இலக்கியம் என்று நினைக்கிறேன். தந்தி வந்த அன்று பாடியதை மட்டும் சொல்லவில்லை. வருசா வருசம் மாசிமகத்துக்கு முந்தின ராத்திரி சின்ன குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பாடுவார். சேரியில் ஒப்பாரி என்பது ஊரே கேட்க அழுவது. கட்டிப்பிடித்து அழ நாலு பெண்கள் வேண்டும், வாசலில் பறை வேண்டும். டவுன்ஷிப்பில் ஒரே சுவருக்கு இரண்டு வீடு, அந்தப் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர்கள் வீட்டு காலண்டரில் ஈழத்துப் போராளி படம் இருந்த காலம் அது. ஆகவே வாய்க்குள்ளேயே ஒப்பாரி. நான் பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறேன். அதில் வீரம் என்ற சொல் இல்லை, நாடு என்ற சொல் இல்லை, எதிரி இல்லை. ரெண்டு மாச லீவு இருக்கிறது, மணியார்டர் இருக்கிறது, தந்திக்காரன் சைக்கிள் பெல் இருக்கிறது. 56 ஏ.பி.ஓ. என்பது தாளத்தோடு வரும். சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மேல்விலாசத்தில் அந்த எண்ணை மட்டும் தானே எழுதப் பழகியிருந்தார். கண்ணிவெடி வைத்தவனைப் பற்றி ஒரு வசைகூடக் கிடையாது. சாபம் எல்லாம் அந்த ரோட்டுக்குத்தான். ரோடு போட்டவன் கை அழுகட்டும் என்று வரும். புறநானூற்றுக் கிழவி பிணத்தைப் புரட்டியாவது பார்த்தாள். இங்கே புரட்டிப் பார்க்க ஒரு பெட்டிதான். பெட்டியில் ஒரு ஜோடி பூட்ஸ், கம்பளி, பாதி தீர்ந்த சோப்பு. அந்தச் சோப்பும் பாட்டில் வருகிறது.

இதை டேப் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டேன். தொண்ணூறுகளில் நாட்டார் வழக்காறு சேகரிப்பது நம்மிடையே ஒரு வெறியாக இருந்தது. "எதுக்கு? நீ கட்டுரை எழுதவா?" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. இப்போது நினைவிலிருந்து சொல்வதில் பாதி தவறாக இருக்கலாம்.

அவர் பெயர் பொறித்த கல் இல்லாமல் இல்லை. கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இலங்கை அரசு கட்டிய நினைவுச் சின்னத்தில் அமைதிப்படையில் செத்தவர்கள் பெயர்கள் இருக்கின்றன. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25இல்தான் திறந்தார்கள், இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். மறுபக்கத்தில், ஈழத்துத் துயிலும் இல்லங்களில் போராளிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் இருந்தது. நவம்பர் 27இல் தாய்மார் விளக்கேற்றினார்கள். யுத்தம் முடிந்ததும் இலங்கை ராணுவம் அவற்றை இடித்துத் தள்ளியது. அந்தத் துணிக்கார அம்மாவுக்கு அங்கே யாராவது இருந்தார்களா என்று எங்களுக்குத் தெரியாது. சின்னம்மா கேட்டதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே.

தங்கச்சி டெல்லி போனபோது தேடிக் கண்டுபிடித்துப் போனில் போட்டோ எடுத்து வந்தாள். சின்னம்மா வெகுநேரம் பார்த்தார். தொட்டதில் படம் பெரிதானது, பயந்து கையை எடுத்துக்கொண்டார். "பக்கத்துல இருக்கறது யாரு பேரு?" என்று கேட்டார். தங்கச்சி படித்துச் சொன்னாள், வடக்கத்திப் பெயர். "அதுக்குப் பொஞ்சாதி புள்ளைங்க இருக்கா?" என்றார். அது கல்லில் போடவில்லை என்று தங்கச்சி சொன்னாள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் சின்னம்மாவிடம் படித்துக் காட்டினேன். புறநானூறு, பாஸ்ரா எல்லாம் வந்தபோது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாய்க்குப் பேர் எழுதியதைக் கேட்டுச் சிரித்தார். ஒப்பாரி பற்றிய இடத்தில் முறத்தைக் கீழே வைத்தார். பெயர்கள் இல்லாமல் போனதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுச் சித்தப்பாவின் பெயரைப் போடாமல் இருக்க முடியாது, போடட்டுமா என்று கேட்டேன்.

"வாணாண்டா தம்பி. அந்தத் துணிக்காரம்மா பேத்தி இப்ப காலேஜில தமிழு படிக்குது. எதுனா பொஸ்தகத்துல பாத்துட்டு ஆயாகிட்ட படிச்சிக் காட்டிடப் போவுது."